கஞ்சா புகைத்தவர் ஓட்டிய காரில் இருந்தவள் எழுதுவது

கஞ்சா புகைத்துவிட்டு வாகனம் ஓட்டுவது ஆபத்தா என்று எங்கள் ஆட்களிடம் கேட்டால், "குடித்துவிட்டு ஓட்டினால்தான் ஆபத்து, இது ஒன்றும் செய்யாது, புகைத்தவன் இன்னும் மெதுவாகத்தான் ஓட்டுவான்" என்று பலர் சொல்வார்கள். நான் வேலை செய்த தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அப்படி மெதுவாக ஓட்டிய ஒருவரின் காரில் முன் இருக்கையில் இருந்தவள் நான். தோளிலுள்ள காறையெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் வேலை இழந்து, கணவரும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருக்க, கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் அறையில் தனியாக இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன். அந்த நேரத்தில் தமிழில் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடித் தேடிக் களைத்தேன். இரவு வேலைக்குப் போய், இன்னொருவரின் காரில் வீடு திரும்பும் எவருக்காவது இது பயன்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வேலை மிசிசாகாவில், வீடு ஸ்காபரோவில். இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வருவதென்றால் மூன்று பஸ், ஒரு ரயில். அதனால் எங்கள் பகுதியிலிருந்து வரும் ஓர் அண்ணாவின் காரில் நாங்கள் மூன்று பேர் போய் வந்தோம். பெற்றோலுக்கென்று வாரம் 50 டொலர் கொடுப்போம். நல்ல மனிதர். எனக்கு முதன்முதலில் குளிர்காலச் சப்பாத்து வாங்கும் கடையைக் காட்டியவர் அவர்தான். குடிக்க மாட்டார், அதைப் பெருமையாகவும் சொல்வார். முதுகு வலிக்காகக் கஞ்சா புகைப்பார் என்பது எனக்கு விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. கனடாவில் 2018 ஒக்டோபர் 17ஆம் திகதியிலிருந்து அது சட்டப்படி கடையில் விற்கும் பொருள். அவரைப் பொறுத்தவரை அது மருந்து. சாராயத்தோடு அதைச் சேர்த்துப் பார்ப்பதே அவருக்குப் பிடிக்காது.

அன்று மற்ற இருவரும் விடுமுறை. நாங்கள் இருவர் மட்டும் புறப்பட்டோம். கடைசி இடைவேளையில், விடியற்காலை நாலரை மணியளவில், அவர் வாகனத் தரிப்பிடத்தில் தன் காருக்குள் இருந்து புகைத்திருக்கிறார். நான் அப்போது உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். காரில் ஏறியபோது கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சை வாசனை அட்டையின் மணம் மட்டும்தான் வந்தது. அவர் கண் சிவந்திருந்தது. இரவு முழுக்க விழித்திருந்த எல்லோருக்கும் கண் சிவந்துதான் இருக்கும், எனக்கும் சிவந்துதான் இருந்திருக்கும். 401 நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் ஏதோ வித்தியாசம் தெரிந்தது. எல்லோரும் நூறுக்கு மேல் பறக்கும் பாதையில் அவர் எழுபதில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த லொறிகள் விளக்கை அடித்துவிட்டு விலகிப் போயின. கார் பாதைக் கோட்டை மெல்ல மெல்ல நெருங்கும், பிறகு அவர் கை ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டித் திருப்பும். ஒரு கதையைத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டு, "என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?" என்று இரண்டு முறை கேட்டார். "அண்ணா, நித்திரையா? நிறுத்திக் கோப்பி குடிப்போமா?" என்றேன். "பயப்படாதே தங்கச்சி, நான் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்" என்றார். அவர் குரலில் நிதானம் இருந்தது. அந்த நிதானத்தைப் பார்த்து எனக்கும் பயம் தணிந்தது.

மார்க்கம் வீதிக்கு இறங்கும் சரிவுப் பாதையின் முடிவில் சமிக்ஞை விளக்கு. அங்கே உப்பு தூவும் பெரிய லொறி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் பின்புறச் சிவப்பு விளக்குகளை நான் தூரத்திலிருந்தே கண்டேன். அவரும் கண்டார், அவர் பார்வை நேரே அதன்மேல்தான் இருந்தது. கால் மட்டும் பிரேக்குக்குப் போகவில்லை. "அண்ணா!" என்று நான் கத்திய பிறகுதான் அழுத்தினார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. வேகம் ஐம்பதைத் தாண்டியிராது. ஆனாலும் என் வலது தோளுக்குக் குறுக்கே இருந்த இருக்கைப் பட்டி என்னைப் பிடித்து நிறுத்திய அந்த நொடியில், உள்ளே ஏதோ சுள்ளி முறிவது போல் ஒரு சத்தம் எனக்கே கேட்டது. பட்டி போடாமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன் என்று பிறகு வைத்தியர் சொன்னார்.

அம்புலன்ஸின் திறந்த கதவு வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொலிஸ்காரர் முதலில் ஊதச் சொன்னார், மதுவின் அளவு பூச்சியம். பிறகு பேனா ஒன்றைக் கண்முன் பிடித்து அசைத்தார். ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து நேர்கோட்டில் ஒன்பது அடி நடந்து திரும்பி வரச் சொன்னார். அண்ணா ஏழாவது அடியில் நின்று, எத்தனை அடி என்று அந்தப் பொலிஸ்காரரிடமே திரும்பக் கேட்டார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது கைகளை விரித்து ஆடினார். பிறகு உமிழ்நீர் சோதனை, பிறகு நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த இடத்திலேயே அவருடைய சாரதி அனுமதிப்பத்திரம் பறிபோனது. "நான் குடிக்கவில்லை, நான் குடிக்கவில்லை" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது இன்றும் காதில் நிற்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. தான் நன்றாக ஓட்டுவதாக உண்மையாகவே நம்பினார். எனக்கு அவர்மேல் கோபம் வந்து, போய், மறுபடி வந்தது. ஆனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பிறகு நான் அதிகம் தேடினேன்.

காறையெலும்பு முறிந்தால் மல்லாந்து படுக்க முடியாது. நாற்காலியில் தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியேதான் உறங்க வேண்டும். அந்த இரவுகளில் இடக்கையால் கைபேசியைப் பிடித்து வாசித்தவை இவை. புகையாக இழுத்தால் கஞ்சாவின் போதை சில நிமிடங்களில் ஏறி, அரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அதன் விளைவுகள் ஆறு மணி நேரம் வரை நீடிக்கலாம் என்றும், மிச்சமான மந்தம் சிலருக்கு 24 மணி நேரம் வரை இருக்கலாம் என்றும் கனடாவின் சுகாதாரத் திணைக்களம் சொல்கிறது. சாப்பிடும் வகை இன்னும் மோசமாக ஏமாற்றும். தொடங்கவே அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும், முழுமையாக ஏற நான்கு மணி நேரம் கூட ஆகலாம், 12 மணி நேரம் வரை நிற்கும். வேலை முடியும் நேரத்தில் ஒன்றுமில்லை என்று நினைத்துக் காரை எடுப்பவருக்கு நெடுஞ்சாலையின் நடுவில் ஏறும்.

2022இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று என் அண்ணாவைப் பக்கத்தில் வைத்து எழுதியது போலிருந்தது. வழக்கமாகக் கஞ்சா புகைக்கும் 191 பேரைப் புகைக்க வைத்து, வாகனம் ஓட்டுவது போன்ற செயற்கைக் கருவியில் ஓட்ட வைத்தார்கள். சிலருக்குப் போதைப்பொருள் நீக்கிய கஞ்சா. அரை மணி நேரத்திலும் ஓட்டம் கெட்டிருந்தது, ஒன்றரை மணி நேரத்திலும் கெட்டிருந்தது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் பலருக்கு "இப்போது சரி, ஓட்டலாம்" என்ற எண்ணம் வந்துவிட்டது. ஓட்டம் தேறுவதற்கு நாலரை மணி நேரம் வரை ஆனது. நாலரை மணிக்குப் புகைத்துவிட்டு ஆறு மணிக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்தவர் அண்ணா. அதே ஒன்றரை மணி நேரம்.

மெதுவாக ஓட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கஞ்சா புகைத்தவர்கள் பொதுவாக வேகத்தைக் குறைப்பதும், முன் வாகனத்துக்கு அதிக இடைவெளி விடுவதும் ஆய்வுகளிலும் தெரிந்த விடயம்தான். அதைத்தான் எங்கள் ஆட்கள் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாதையில் நேராகச் செல்லும் திறன், எதிர்பாராத ஒன்றுக்குக் காலும் கையும் அசையும் வேகம், ஒரே நேரத்தில் இரண்டு விடயங்களைக் கவனிக்கும் ஆற்றல் ஆகியவை அப்போதும் குறைந்துதான் இருக்கின்றன. வேகத்தைக் குறைப்பதால் அவை திரும்பி வருவதில்லை. ஹாலிஃபாக்ஸின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தினர் 2012இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கஞ்சா பயன்படுத்திய உடனே ஓட்டுபவர்களுக்கு மோதல் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்று கண்டார்கள். மது இதைவிட அதிகம் கெடுக்கும் என்பது உண்மை. இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். இரவு வேலைக் களைப்பு சேர்ந்தாலும் அப்படித்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் விபத்தில் காயப்பட்டு வைத்தியசாலைக்கு வந்த சாரதிகளின் இரத்தத்தை ஆராய்ந்ததில், ஒரு மில்லிலீற்றருக்கு 2 நானோகிராமுக்குக் குறையாமல் டி.எச்.சி., அதாவது கஞ்சாவில் போதை தரும் பொருள், இருந்தவர்கள் கஞ்சா சட்டபூர்வமாவதற்கு முன் 3.8 வீதம், ஆன பின் 8.6 வீதம். அதனால் தெருவில் இது அரிய விடயம் அல்ல.

இனி விபத்துக்குப் பிந்திய வேலைகள். வலியை விட இவைதான் என்னை அதிகம் வாட்டின. அம்புலன்ஸில் ஏற்றும்போது என் கைப்பை காரில் கிடந்தது. நிரந்தர வதிவிட அட்டை, வங்கி அட்டை, வீட்டுத் திறப்பு எல்லாம் அதற்குள். கார் எங்கேயோ ஒரு தரிப்பிடத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டுவிட்டது. ஒரு கையைத் தொங்கலில் போட்டுக்கொண்டு டாக்சிக்குக் காசு கொடுத்து அதைத் தேடிப்போனேன். சுயநினைவு இருந்தால் அம்புலன்ஸ் ஆட்களிடம் "என் பை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், எடுத்துத் தருவார்கள். முடிந்தால் காரின் இலக்கத் தகட்டையும், சாரதியின் காப்புறுதி அட்டையையும், பிங்க் ஸ்லிப் என்பார்களே, அதையும் படம் எடுத்து வையுங்கள். பொலிஸ்காரரிடம் அறிக்கை இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அம்புலன்ஸுக்கு 45 டொலர் கட்டச் சொல்லிப் பிறகு தபாலில் கடிதம் வரும். பயப்பட வேண்டாம், ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டை உள்ளவர்களுக்கு வழக்கமாக வரும் தொகைதான்.

எனக்குக் கார் இல்லை, காப்புறுதியும் இல்லை. அதனால் எனக்கு எதுவும் கிடைக்காது என்று வேலையிடத்தில் சொன்னார்கள். அது பிழை. நாங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் யார் மீது தவறு என்பதைப் பார்க்காமல் காயப்பட்டவருக்கு விபத்து உதவித்தொகை உண்டு. உங்களுக்கோ உங்கள் துணைவருக்கோ சொந்தக் காப்புறுதி இருந்தால் முதலில் அங்கே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் பயணம் செய்த காரின் காப்புறுதி நிறுவனம் தர வேண்டும். சாரதி போதையில் இருந்தார் என்பதால் பயணிக்கு அது மறுக்கப்படுவதில்லை. 7 நாட்களுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் அனுப்பும் ஓ.சி.எஃப்-1 என்ற விண்ணப்பத்தை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அண்ணா தொலைபேசியை எடுக்கவே இல்லை. எந்த நிறுவனம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் பொலிஸ் அறிக்கையின் பிரதியில்தான் பெயர் கிடைத்தது. அதற்குள் 7 நாள் கடந்திருந்தது. காரணத்தை எழுதிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். அறிக்கையைப் பணம் கட்டி வாங்கலாம் என்று யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அவ்வளவு தவிப்பு இருந்திருக்காது.

காப்புறுதி நிறுவனத்தில் என் கோப்பைக் கையாளும் அட்ஜஸ்டர் தொலைபேசியில் முதலில் கேட்டவற்றுள் ஒன்று: "அவர் கஞ்சா எடுத்திருந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு விளங்கியது. உதவித்தொகை ஒரு பக்கம், சாரதிமீது நட்டஈட்டு வழக்குப் போடுவது இன்னொரு பக்கம். போதையில் இருப்பவர் என்று தெரிந்தே ஏறியவருக்கு, அவரும் பங்காளி என்று சொல்லி நீதிமன்றம் நட்டஈட்டைக் குறைக்கலாம். ஆகவே ஏறிய பிறகு சந்தேகம் வந்தால் நிறுத்தச் சொல்லி இறங்குவது உயிருக்கும் நல்லது, பிறகு சட்டத்துக்கும் நல்லது. கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகித்துச் சொல்லாதீர்கள். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கேட்ட பிறகுதான் எனக்குத் தந்தார்கள்.

இன்னொன்று. முதலில் என் காயத்தைச் "சிறு காயம்" என்ற பிரிவில் போட்டார்கள். அந்தப் பிரிவில் சிகிச்சைக்கு 3,500 டொலர்தான் எல்லை. சுளுக்கு, தசைப்பிடிப்பு போன்றவைதான் அதில் வரும். எலும்பு முறிவு அதில் வராது. எக்ஸ்ரே அறிக்கையை அனுப்பிய பிறகு மாற்றினார்கள். வைத்தியசாலையை விட்டு வரும்போதே அறிக்கைகளின் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். வருமான இழப்புக்கு மொத்தச் சம்பளத்தில் 70 வீதம், வாரத்துக்கு 400 டொலருக்கு மேற்படாமல் அப்போது கிடைத்தது. முதல் வாரத்துக்கு இல்லை. எனக்கு அப்போது மணிக்கு 16.55 டொலர், வாரம் 662 டொலர். வேலை ஏஜென்சி மூலம் என்பதால் வேலைக்கான உறுதிப்படிவத்தை யார் நிரப்புவது என்று ஏஜென்சியும் தொழிற்சாலையும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். சம்பளச் சிட்டைகளை நான் சேர்த்து வைத்திருந்ததுதான் காப்பாற்றியது. பணம் வரத் தொடங்கும் வரை வாடகை கொடுக்க, நான் கட்டிவந்த சீட்டைக் கழிவு கூடிய நேரத்தில் எடுக்க வேண்டியிருந்தது. ஊருக்கு அனுப்பும் காசு நின்றது. ஏன் நின்றது என்று கணவரிடம் சொல்ல மனம் வராமல், வேலை குறைந்துவிட்டது என்றேன். சம்பளக் குறைவு, சீட்டுக் கழிவு, டாக்சி, மருந்து எல்லாம் சேர்த்தால் இழப்பு ஆறாயிரம் டொலரை நெருங்கும்.

இப்படி இருக்கும்போது உதவ வருகிறோம் என்று தொலைபேசி எடுப்பவர்கள் வருவார்கள். எப்படி இலக்கம் கிடைத்ததோ தெரியாது. வாகனம் அனுப்புகிறோம், எங்கள் சிகிச்சை நிலையத்துக்கு வாருங்கள், இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள், மிச்சத்தை நாங்கள் நிரப்புகிறோம் என்பார்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்கவே வைக்காதீர்கள். செய்யாத சிகிச்சைக்குப் பணம் எழுதப்பட்டால் உங்கள் பெயரில் உள்ள தொகைதான் கரையும். வழக்கறிஞர் தேவையென்றால் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம். 211ஐ அழைத்தால் எங்கே உதவி கிடைக்கும் என்று சொல்வார்கள். வழக்குப் போடும் எண்ணமிருந்தால் 120 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். வலிக்கும் வேதனைக்கும் கிடைக்கும் நட்டஈட்டிலிருந்து பொதுவாக நாற்பதாயிரத்துக்கும் அதிகமான டொலரைச் சட்டமே கழித்துவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நான் வழக்குப் போடவில்லை.

புகைத்துவிட்டு ஓட்டும் அண்ணாமார், தம்பிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரத்தத்தில் டி.எச்.சி. மில்லிலீற்றருக்கு 2 நானோகிராமிலிருந்தே குற்றம். 5 நானோகிராமைத் தொட்டால் முதல் தடவையே குறைந்தது 1,000 டொலர் அபராதம், இரண்டாம் தடவை குறைந்தது 30 நாள் சிறை. 21 வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கும், புதிய சாரதிகளுக்கான ஜி-1, ஜி-2 அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்களுக்கும், லொறி போன்ற வணிக வாகனம் ஓட்டுபவர்களுக்கும் ஒன்ராறியோவில் சிறிதும் இருக்கக் கூடாது. இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. 2018 டிசம்பர் 18ஆம் திகதியிலிருந்து போதையில் வாகனம் ஓட்டுவதற்கு உச்சத் தண்டனை பத்து ஆண்டுகள். அதனால் குடிவரவுச் சட்டத்தில் அது பாரதூரமான குற்றமாகிவிட்டது. குடியுரிமை எடுக்காத ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்டால் நிரந்தர வதிவிடத்தையே இழக்க நேரலாம். எத்தனை கடல் கடந்து, எத்தனை ஆண்டு காத்திருந்து வாங்கிய அட்டை அது. முதுகு வலிக்குப் புகைப்பவர் வீட்டுக்குப் போன பிறகு புகைக்கலாமே.

இப்போது நான் வேறொருவரின் காரில் போகிறேன். ஏறுமுன் நேராகக் கேட்பேன்: "இன்று ஏதாவது எடுத்தீர்களா? புகைத்ததா, சாப்பிட்டதா? எப்போது?" முதல் தடவை கேட்கும்போது நா எழவில்லை. வயதில் மூத்தவரிடம் இப்படிக் கேட்பதா என்று கூச்சம். அவர் சிரித்துவிட்டு, "இல்லை பிள்ளை, ஆனால் கேட்டது சரி" என்றார். புகைத்து ஆறு மணி நேரமாவது ஆகாமல் ஓட்டக் கூடாது என்பதைத்தான் கனடாவின் கஞ்சாப் பயன்பாட்டு வழிகாட்டிகளும் சொல்கின்றன, சாப்பிட்டிருந்தால் அதைவிட நீண்ட நேரம். கோப்பியோ குளிர்ந்த நீரோ அதைக் குறைக்காது. மணத்தை மட்டும் நம்பாதீர்கள். பேச்சு நடுவில் அறுந்து போவது, பச்சை விளக்கு வந்தும் கார் நகராமல் நிற்பது, காரணமில்லாத மெதுவான ஓட்டம், கோட்டை நோக்கிச் சாய்வது, இறங்க வேண்டிய வழியைத் தவற விடுவது ஆகியவற்றைப் பாருங்கள். நெடுஞ்சாலையின் நடுவில் இறங்க முடியாது. அடுத்த வெளிவழியில் இருக்கும் கோப்பிக் கடையில் நிறுத்தச் சொல்லுங்கள். வயிறு சரியில்லை, வாந்தி வருகிறது என்று சொன்னால் எவரும் நிறுத்துவார்கள். நிறுத்தாவிட்டால் 911. அவர் கோபித்துக்கொள்வார் என்று யோசிக்காதீர்கள்.

2026 ஜூலை 1ஆம் திகதியிலிருந்து ஒன்ராறியோவின் வாகனக் காப்புறுதியில் மருத்துவம், மறுவாழ்வு, பராமரிப்பு ஆகியவை மட்டும்தான் கட்டாயம். நான் பெற்ற வருமான இழப்புத் தொகை போன்றவை கேட்டு, காசு கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டியவையாகின்றன. கார் வைத்திருப்பவர்கள் பாலிசியைப் புதுப்பிக்கும்போது அந்த வரியைத் தேடிப் பார்த்து முகவரிடம் கேளுங்கள். என்னைப் போல் கார் இல்லாமல் இன்னொருவரின் காரில் போகிறவர்கள், சம்பளம் நின்றால் எத்தனை வாரம் தாக்குப்பிடிக்க முடியும் என்று இப்போதே கணக்குப் பார்த்து வையுங்கள்.